ஆஜர்

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
என்று நான்தான் எழுதினேன்.
கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

பேதியில் போன பாவாடைசாமிக்கு
இரண்டு வருஷமாய்ச் சம்பளம்;
கப்பித்தானின் குதிரை அதைத் தின்றது.
உயிரோடிருந்த சவரிராயனுக்கு
ஒன்பது மாசப் பாக்கி.
மஞ்சக்குப்பத்தில் அரைப்படி கம்புக்கு
அவன் துப்பாக்கியை அடகு வைத்தது தெரியும்.
அந்தப் பக்கத்தில் மை கொட்டிவிட்டேன்.

வில்வராயநத்தத்துத் தோப்பில் கூடாரம் தெரிந்த அன்று
கொத்தளத்தில் பேர் வாசித்தேன்.
செத்தவனுக்கெல்லாம் யாரோ
"ஆஜர்" என்றார்கள், பழக்கத்தில்.
இருந்தவன் பேருக்குத்தான் சத்தமில்லை.

நீர் வடியப் பார்த்து
முட்டளவு கெடிலத்தில்
தலைப்பாகையில் சோற்றைக் கட்டிக்கொண்டு
ராத்திரியே இறங்கியிருந்தார்கள்.

மூன்றே நாள்.
வந்தவன் பீரங்கி பெரிசு என்று ஊரில் பேச்சு.
பேசட்டும்.
எங்கள் மருந்துச் சாக்கில் பாதி கடற்கரை மணல்,
அதுவும் என் கணக்கில் மருந்துதான்.

நேற்று புது துரை கூப்பிட்டார்.
அதே மேசை. நாற்காலியில் வேறு தொப்பி.
"எத்தனை பேர் தேறும்?"

மனசுக்குள் எண்ணினேன்: நூற்றுப் பத்தொன்பது.
அவர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தேன்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
ஏட்டில் புதுப் பக்கம் புரட்டிக் கொடுத்தது.

இறகை மையில் தொட்டுக்கொண்டு சொன்னேன்:
"ஐந்நூறு, துரையே."