எடை குறைவு

கடையைச் சாத்தின பிறகு
ஐகோர்ட்துரையை டீக்கு அனுப்பிவிட்டு
மூட்டை நிறுக்கிற மிசினில் ஏறி நின்றேன்.
எண்பத்திரண்டு நானூறு.
கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டேன்.
எண்பத்திரண்டு இருநூறு.
பேட்டை ரேஷன் கடையில் பதினாறு வருசம்;
அந்தச் சிவப்பு எண்ணோடு
நானும் சண்டைக்குப் போனது அன்றைக்குத்தான்.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
ஸ்கேன் தாளைத் தூக்கிப் பார்த்த டாக்டரம்மா
"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றாள்,
பாமாயில் பாக்கெட் பொத்துக்கொண்டு
சாக்கெல்லாம் ஊறிவிட்டதைச் சொல்கிற மாதிரி.
மாத்திரை கேட்டேன்.
"ராத்திரி என்ன சாப்பிடுதிய?" என்று கேட்டாள்.

ராத்திரி,
கடைசி பஸ்ஸில் ஆவுடையப்பன் வாங்கி வருகிற
நாலு புரோட்டா, அது முங்கக் குளிக்கிற சால்னா,
டிவிக்கு முன்னால் ஒரு பொட்டலம் காராச்சேவு.
சம்பள நாளென்றால்
இலையில் நெய் வடிகிற கால் கிலோ அல்வா.
பசித்துத் தின்ற ஞாபகமே இல்லை.
பகலெல்லாம் கார்டுக்காரர்கள் வைத வசவு
வாயில் கசந்துகொண்டிருக்கும்,
அதைக் கழுவத் தின்றேன்.

புரோட்டா ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.
மற்ற நாள் ஏழு மணிக்கே
கேப்பைத் தோசை ரெண்டு, அவித்த பயறு, கீரை.
மத்தியானச் சோற்றுக்குக் கப்பு வைத்தேன்.
அளக்கத் தெரியாதா எனக்கு?
வண்ணார்பேட்டையில் பஸ் ஏறுகிறவள்
ஆத்துப்பாலத்தை நடந்து தாண்டி
ஜங்ஷனில் ஏறினேன்.
முதல் வாரம் பாதிப் பாலத்தில் மூச்சு முட்டியது.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால்
தாமிரவருணியில் இடுப்பளவு நின்று
ஒருத்தர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்,
எந்த அவசரமும் இல்லாமல்.
அவர் கொப்பளித்துத் துப்புகிறவரை நின்றேன்.

சித்திரையில் வீரவநல்லூரில் மறுவீடு.
சொதி. இஞ்சிப் பச்சடி. மறுபடியும் சொதி.
ஒன்றரைக் கிலோ ஏறிக்கொண்டது.
மிசினைத் தட்டிப் பார்த்தேன்,
கார்டுக்காரர்கள் தட்டுகிற மாதிரியே.

ஆவணியில் எழுபது இருநூறு.
பாவாடை நாடா ரெண்டு சுற்று வருகிறது.
"சுகரா?" என்கிறார்கள் வரிசையில்.
"வீட்ல எதுவும் சங்கடமா?"
மைதீன் பாத்து மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி,
"நிறுக்கிறவளே இப்பிடி நிறை கொறைஞ்சா
அரிசியில எம்புட்டுக் கொறையும்?"
வரிசை சிரித்தது. நானும்.

அவளுக்கு ரெண்டு பேர் கார்டு, பன்னிரண்டு கிலோ.
துரை அன்றைக்கு லீவு.
நானே பையைத் தூக்கி
சைக்கிள் கேரியருக்குக் கொண்டுபோனேன்.
தோள்பட்டை இழுத்தது.
இதையா
மாடிப்படியிலும் பஸ் படியிலும்
தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் சுமந்தேன்?
யாரும் உலையில் போட முடியாத பன்னிரண்டு கிலோவை?

மைதீன் பாத்து இதில் ஒரு மாசம் ஓட்டவேண்டும்.
பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.
"அம்பது கிராம் கொறையுதுட்டீ."
வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன்.
திரும்பத் தூக்கி வந்து மிசினில் வைத்தேன்.
எண் ஆடி ஆடி ஓய்கிறவரை
ரெண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.