பதினொரு பேர், நாலு கதிரை

எங்கள் கிளையில் பதினொரு பேர், நாலு கதிரை.
வரவில் ஒப்பமிட்டபின்
முறை வைத்து இருப்போம்.
நான் அபிவிருத்தி உத்தியோகத்தர்.
எதை அபிவிருத்தி செய்வதென்று
சுற்றறிக்கை இன்னும் வரவில்லை.

பாசையூர் அருளப்பு
ஐஸ் ஆலை போட அனுமதி கேட்டு
ஒன்பதாம் தரம் வந்தான்.
சுற்றாடல், கடற்றொழில், மாநகர சபை, மின்சார சபை.
"மிஸ், நண்டு கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிராது."
சீல் என்னிடம் இல்லை.
சீல் இருக்கிறவர் கொழும்பில்,
வினைத்திறன் பயிற்சியில்.

"அரசு மெலிஞ்சால்தான் நாடு தேறும்,"
ரொறன்ரோவிலிருந்து அண்ணன்.
ஆரை மெலியச் சொல்கிறாய் என்றேன்.
அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவன் சொல்வதில் பொய்யில்லை.
ஆனால் இருபத்தைந்தாம் திகதி
எங்கள் சம்பளம் விழுந்தால்தான்
திருநெல்வேலிச் சந்தையில்
அருளப்புவின் நண்டுக்கு விலை.
அவன் சைக்கிள் வந்த தார் றோட்டும் அரசு போட்டதே,
வளைவு வரைக்கும்.
வளைவுக்கு அப்பால்
அடுத்த ஆண்டு ஒதுக்கீடு.

இன்று அவன் வரவில்லை.
நீர்கொழும்பு லொறிக்காரனுக்கே
கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டானாம்.

கோப்பைத் திறந்தேன்.
அவன் கை பட்ட கடைசித் தாளில்
உப்புப் பூத்திருந்தது.
ஊதவில்லை.
தாளுக்குப் பக்க இலக்கம் போட்டேன்,
நாற்பத்தொன்று.
எழும்பி, சுமங்களாவுக்குக் கதிரையை விட்டேன்.