டிரிப் ஷீட்: ஆகஸ்ட் பதினாறு

கப்பலூர் ரப்பர் கம்பெனிக்குத் தரம் பாக்க வந்திருக்கிற
மிசாவோ அம்மா பேசுறது புத்தகத் தமிழ்.
"வீரணன் அவர்களே, வளைந்த காம்புள்ள
கத்தரிக்காய் ஒன்று வேண்டும்.
வெள்ளரிக்காய் ஒன்றும் வேண்டும்."
கேக்கும்போது ஸ்டியரிங்கை விட்டுட்டு
எந்திரிச்சு நிக்கணும்போல இருக்கும் எனக்கு.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல வாங்குனேன்.
ரெண்டும் சேத்துப் பதினஞ்சு ரூவா.

எஸ்.எஸ். காலனி, மூணாவது மாடி.
வெள்ளரிக்கு நாலு ஈர்க்குச்சி குத்துனா குதிரை.
செத்தவங்க வெரசா வீடு வந்து சேரணுமாம்.
கத்தரிக்கு நாலு குத்துனா மாடு.
திரும்பிப் போகையில மெதுவாப் போகணுமாம்.
அவங்க அப்பா மாசியில தவறிட்டாரு.
தக்கமட்சுங்கிற ஊருல
படகுல டிக்கெட் கிழிச்ச மனுசன்.
இது அவருக்கு முதல் வருசம்,
கம்பெனியில லீவு இல்ல,
அதனால அவரே இங்க வந்திருக்காரு.

நமக்கும் சாமி குதிரையிலதான வருதுன்னேன்.
தலையை ஆட்டுனாங்க.
சித்திரையில அழகரைப் பாக்க
என் தோள்மேல கைய ஊன்டி
எக்கி எக்கி நின்ன ஆளு.

மாட்டைப் பாத்தேன். மனசு ஒப்பல.
நான் பாலமேட்டுக்காரன்.
திமில் இல்லாத மாட்டை
எப்படிங்க மாடுன்னு சொல்றது?
சுண்டைக்காய் ஒன்னை எடுத்து
முதுகுல குத்தி வச்சேன்.
அம்மா ரொம்ப நேரம் பாத்துச்சு.
"இது ஓடிவிடாதா? மெதுவாகச் செல்ல வேண்டும்."
வாடிவாசல்லதாங்க பாயும்,
அதைத் தாண்டிட்டா
வீடு வரைக்கும் புல்லு மேஞ்சுக்கிட்டே நடக்கும்னேன்.

சாப்பிடச் சொன்னாங்க.
சந்துக்கடை இடியாப்பம்.
அதை ஐஸ் தண்ணியில அலசி
கறுப்புச் சாறுல முக்கி.
தேங்காய்ப்பால் இல்ல, சீனி இல்ல.
எங்க வீட்டுல செஞ்சா சண்டை வந்திருக்கும்.
நல்லா இருந்துச்சுன்னு சொன்னாப் பொய்.
ரெண்டாவது தட்டும் வாங்குனேன்.

பதினாறாம் தேதி ராத்திரி வழியனுப்பணும்.
காகித விளக்கை ஆத்துல மிதக்க விடணுமாம்.
யானைக்கல் பாலத்துக்குக் கீழ எறங்குனோம்.
மணலு, ஆகாயத்தாமரை,
யாரோ காயப்போட்டு மறந்த வேட்டி.
"நீர் வரவில்லையா?"
என்னையக் கேக்குறாங்களா தண்ணியக் கேக்குறாங்களான்னு
ஒரு நிமிசம் முழிச்சேன்.
அழகருக்கே அணையைத் திறந்தாத்தாம்மா,
சில வருசம் அதுவும் லாரித் தண்ணின்னேன்.

தெப்பக்குளம் போகலாமா? விசில் ஊதுவான்.
வண்டியில கேன் இருக்கு, ஊத்தலாமா?
அம்மா பதில் சொல்லல.
விளக்கைக் கையில ஏந்திக்கிட்டு
ஆறு ஓடுற திசையில நடக்க ஆரம்பிச்சுச்சு.
தண்ணி போற வேகம் எவ்வளவோ அந்த வேகம்.
பின்னால நான்,
ஒரு கையில மாடு, ஒரு கையில குதிரை,
செருப்புக்குள்ள மணலு.
"என் தந்தை நடப்பதை விரும்பாதவர்" னாங்க
திரும்பிப் பாக்காமலே.

அடுத்த பாலத்துக்கிட்ட எருமை ஒன்னு நின்னுச்சு.
கயிறு அறுத்துக்கிட்டு வந்ததாயிருக்கும்.
குனிஞ்சு மோந்து பாத்துச்சு.
தொண்டையில குத்துமேன்னு
ஈர்க்குச்சியெல்லாம் அவசரமாப் பிடுங்குனேன்.
குதிரை ஒரே கடி.
மாட்டைத் திமிலோட மென்னுச்சு,
நிதானமா, கண்ணை மூடி.

எனக்குக் கை நடுங்கிப்போச்சு.
மன்னிச்சிருங்கம்மா, விரட்டியிருக்கணும்னேன்.
மிசாவோ அம்மா விளக்கைத் தூக்கிப் பிடிச்சு
எருமையைத் தலையிலிருந்து வால் வரைக்கும்
ரப்பர் வளையம் பாக்குற மாதிரியே பாத்துச்சு.
"பெரிய வண்டிக்கு மாறிவிட்டார்."

அப்பறம்தான் அழுதாங்க.
நான் பாலத்துமேல போற பஸ்ஸை எண்ணிக்கிட்டு நின்னேன்.

டிரிப் ஷீட்டுல எழுதியிருக்கேன்:
எஸ்.எஸ். காலனி டு வைகை. கிலோமீட்டர் நாலு.
போகையில பயணி ரெண்டு.
வருகையில ஒன்னு.
மேனேஜர் இன்னும் கூப்பிட்டுக் கேக்கல.