மாற்றப் பேச்சுவார்த்தை

முதலில் போனது வாழைப்பழம்.
புதன்கிழமைதோறும் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில்
ஒரு கூடை இருக்கும்.
ஒரு புதன்கிழமை கூடை மட்டும் இருந்தது,
அடுத்த புதன் அதுவும் இல்லை.
யாரும் கேட்கவில்லை.
ஒரு வாழைப்பழத்துக்காகவா வாயைத் திறப்பது?

பிறகு நீச்சல்குளச் சீட்டு.
பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
கம்பெனி செலவில் வீட்டுக்கு வரும் ஆயா.
பிறகு பல் வைத்தியம்:
பிடுங்கினால் கம்பெனி கட்டும்,
அடைத்தால் நம் கைக்காசு.
பிடுங்குவதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் என்றான் ரைமோ.
சிரித்தோம்.
ஔலுவின் நவம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்,
கிடைத்ததற்குச் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆட்குறைப்பு என்று இங்கே யாரும் சொல்வதில்லை.
மாற்றப் பேச்சுவார்த்தை. ஆறு வாரம்.
பேச்சும் அவர்களுடையது, வார்த்தையும் அவர்களுடையது.
திரையில் தோன்றிய புதிய தலைவர்
லாபம் பதினொரு சதவீதம் கூடியதாகச் சொன்னார்,
அதே மூச்சில் முந்நூற்று நாற்பது பேர் என்றார்.
எங்கள் ஊரின் பெயரை அவர் உச்சரித்த விதத்தில்
அப்படியோர் ஊரே வரைபடத்தில் கிடையாது.

அந்த ஆறு வாரமும் நாங்கள்
நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.
எட்டு மணிக்கு முன்பே வந்தோம்.
முப்பது வருடமாக ஆண்டெனா சோதிக்கும் இல்போ
காய்ச்சலோடு வந்து சோதித்தான்.
மெர்யா என்னிடம் கேட்டாள்:
உனக்குக் குழந்தைகள் இரண்டுதானே?
எனக்கு மூன்று.
கேட்டுவிட்டு முகம் சிவந்தாள்.
நானும் அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டிருந்தேன்,
அவள் கணவனின் சம்பளத்தையும் சேர்த்து.

கடிதங்கள் வந்தது வியாழக்கிழமை.
எங்கள் வரிசையில் பதினான்கு நாற்காலி.
ஒன்பது.
ரைமோ, இல்போ, மெர்யா.

ஏழாம் மாடியில் ஒரு சௌனா உண்டு.
அதற்குள் பதவி கிடையாது, துண்டுதான்.
இரண்டு வருடமாகப் பூட்டியிருக்கிறது,
கதவில் ஒரு தாள்: இட மேம்பாடு.
சாவி இன்னும் மெர்யாவிடம் இருந்தது.
அதைத் திருப்பிக் கேட்கவேண்டிய ஆளை
போன பேச்சுவார்த்தையிலேயே அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் ஏறினோம்.
பலகைகளின் மேல் பழைய கணினித் திரைகள்,
முறைக்குக் காத்திருப்பவை போல வரிசையாக.
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தோம்.
இல்போ குனிந்து அடுப்பின் கம்பியைத் தேடினான்.
வெட்டியிருந்தார்கள்.
சரி என்று
குளிர்கோட்டோடு உட்கார்ந்தோம்.
குழாயில் தண்ணீர் மட்டும் வந்தது.
யாரோ பழக்கத்தில் அகப்பையால் மொண்டு
கற்களின் மேல் ஊற்றினார்கள்.
சத்தம் இல்லை.
தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கித் தரைக்கு வந்து
எங்கள் பூட்ஸ்வரை வந்தது.
ஆவி எழவேண்டிய இடத்தை
எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உனக்கு எப்போது கடைசி நாள் என்று ரைமோ கேட்டான்.
இன்னும் சொல்லவில்லை என்றேன்.
பொய்.
என் கடிதத்தில் ஒரே வரிதான்:
உங்கள் பணி தொடர்கிறது.
அதைக் கோட்டின் உள்பையில் மடித்து வைத்திருந்தேன்,
எழுந்திருக்கும்போது அது சரசரத்தது.

ஜனவரியில் கூடை திரும்பி வந்தது.
ஐந்து பேருக்கு அதே பெரிய கூடை.
எங்கள் ஐந்து பேருக்கும்
இப்போது பதினான்கு பேரின் மின்னஞ்சல் வருகிறது.
இல்போவுக்கு யாரோ இன்னும் எழுதுகிறார்கள்,
ஆண்டெனா சரியாகிவிட்டதா என்று.
சரியாகிவிட்டது என்று அவன் பெயரில் பதில் போட்டேன்.

வாழைப்பழம் இரண்டு சாப்பிட்டேன்.
மூன்றாவதில் இடப்பக்கக் கடைவாய் வலித்தது.
அடைக்கவேண்டிய பல்.
பிடுங்கினால் இலவசம்.