மலையேறிப் போச்சு

ஆறேகால் வண்டியில்
முன்சீட்டுக் கம்பிமேல் உட்கார்ந்திருந்தது,
காலில் வெள்ளைப் பட்டை போட்ட ஒன்று.
மூன்றாவது வளைவில் அடித்தேன்.
உள்ளங்கையில் ரத்தம்.
என்னுடையதாக இருக்காது.
கண்டக்டருடையதோ,
கோரிமேட்டில் பால்கேனோடு ஏறியவருடையதோ.
பயணச்சீட்டில் துடைத்துக்கொண்டேன்.

குகையில் பதினொரு வருசம் இதே வேலை.
நாளுக்கு ஐம்பது வீடு.
டார்ச், கரண்டி, வெள்ளைக் கிண்ணம், மருந்துப் புட்டி.
கதவைத் தட்டினால் உள்ளே குரல் போகும்:
"கொசுக்காரி வந்திருக்குது."
தவமணி என்று கோட்டில் தைத்திருக்கிறது.
யாரும் அவ்வளவு கிட்டத்தில் வந்து படிப்பதில்லை.

இந்த மழைக்கு மேலே போட்டுவிட்டார்கள்.
"மேல ஏதுடி கொசு,
குளுருக்கு ரெக்க வெறச்சிரும்" என்று
சிரித்தாள் கூட வேலை பார்க்கும் ஷம்ஷாத்.
அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு.

ஆடியில் எங்கள் தெருவில்
அருள் வந்தவள் நாக்கில் சூடம் வைப்பார்கள்.
அது அணைய அவள் சரிவாள்.
ஆத்தா மலையேறிட்டா என்பார்கள்.
எந்த மலை என்று சின்னதில் கேட்டேன்.
பேச்சை முடிக்க யாரோ
வடக்கே கையைக் காட்டினார்கள்.

நாகலூருக்கு மேலே லைன் வீடுகள்.
சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்க
பனி விலகாத பத்து மணி.
"இங்க கொசு இல்லக்கா" என்றாள் செல்லாயி.
"பையனுக்குத்தான் மூணு நாளா காய்ச்சல்.
கண்ணுக்குப் பின்னால வலிக்குதுங்கறான்.
கண்ணுக்குப் பின்னால என்ன இருக்குது, சொல்லு."

கூரைமேல் தார்ப்பாய்.
காற்று தூக்காமலிருக்க ஆறு டயர்.
ஏணி போட்டு ஏறினேன்.
முதல் டயருக்குள் ஒரு டம்ளர் மழை.
டார்ச் வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளி காற்புள்ளியாய்த் துள்ளி
அடிக்கு ஓடின.

விளிம்பில் எனக்குத் தெரியாத எழுத்து.
எந்த நாட்டு லாரியோ,
எந்தத் துறைமுகத்து வெயிலில் கிடந்ததோ,
சங்ககிரியில் யார் எடைக்குப் போட்டதோ.
முட்டை காயும், சாகாது.
மாசக்கணக்கில் ரப்பரைப் பிடித்துக்கொண்டு
ஒரு தூறலுக்குக் காத்திருக்கும்.

பயிற்சியில் சொன்னார்கள்:
பறந்தால் மிஞ்சிப்போனால் ஐநூறு அடி.
பக்கத்துத் தெருவுக்கே போகாத பிராணி
எப்படிங்க சார் உலகம் பூராவும் என்றதற்கு
டாக்டர் பதில் சொல்லாமல்
எங்களைத்தான் பார்த்தார்,
ஒவ்வொருத்தராக.
நான் கடலையே பார்த்ததில்லை.

கொட்டினேன். கொட்டினால் போதாது.
தேங்காய் நாரை நனைத்து
உள்வளையம் முழுக்கத் தேய்த்தேன்.
முழங்கை வரைக்கும் கறுப்பு.
"வெறும் டயர எதுக்குக்கா இந்தத் தேய் தேய்க்கற?"
இல்லாதது மாதிரி இருப்பதைத்தான்
தேய்க்கிறேன் என்று
ஏணியிலிருந்து எப்படிச் சொல்ல.
இன்னும் ஐந்து டயர் இருந்தன.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
கடல்மட்டத்திலிருந்து உயரம்.
கீழே அதில் கோடு இழுத்துவிடுவோம்.
தோட்டத்து ரைட்டரிடம் கேட்டேன்.
"நாலாயிரத்து நானூறு. அடி."
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினேன்,
காலையில் துடைத்த அதே கையில்.

நாலு மணி வண்டியில்
செல்லாயியும் தரணீஷும் இறங்கினார்கள்,
பெரியாஸ்பத்திரிக்கு.
எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து
வளைவுப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தான்.
இருபது. பத்தொன்பது. பதினெட்டு.
திரும்பும்போதெல்லாம்
தலை என் தோளில் வந்து முட்டியது,
இட்லிப் பானை மூடி மாதிரி சூடு.
பதின்மூன்றில் தண்ணீர் கேட்டான்.
ஒன்பதோடு நிறுத்திவிட்டான்.

எட்டிலிருந்து நான் வாசித்தேன்,
அவனுக்குக் கேட்கும்படி.