ஓட்டம் காணாது

டீசல்தான் எடுக்கணும் எக்கா என்று
நாகர்கோவில் ஷோரூமில் அஜின் சொன்னதில்
பொய் ஒன்றுமில்லை.
ஐஸும் மீனுமாக ஒன்றரை டன் ஏற்றி
துறைமுகத்துச் சரிவில் நிறுத்தி
கிளட்சை மெல்ல விட்டால்
ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஏறுகிறது.
பழைய பெட்ரோல் வண்டி அதே இடத்தில் அலறும்,
பின்னால் உருளும்,
இரண்டு பேர் கல்லோடு ஓடி வருவார்கள்.
அந்தக் கல்லுக்காகத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

தினமும் எவ்வளவு தூரம் ஓடும் என்று
அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேங்காப்பட்டணத்தில் ஏலம் எடுத்து
கருங்கல் சந்தையில் இறக்க
பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.
சாளை, நெத்திலி, வாய்த்தால் அயிலை.
நடுவே பள்ளிக்கூட வேன்,
ஞானஸ்நான விருந்துக்கு வந்த கார்களின் வரிசை.
எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன்.

ஏழாம் மாதம் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.
சின்னப் பெட்டி, உள்ளே புள்ளிகள்.
மழை வரும் என்கிறதோ என்று நினைத்தேன்.

வின்சிலாஸ் வண்டிக்கு அடியிலிருந்தே சொன்னான்:
"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல.
வண்டிக்கு ஓட்டம் காணாது."
புகைக்குழாயில் ஒரு சல்லடை இருக்கிறதாம்.
கரியை வெளியே விடாமல் பிடித்துவைக்குமாம்.
பிடித்ததை எரிக்க அறுநூறு டிகிரி வேண்டும்,
அறுநூறு டிகிரிக்கு நீளமான ரோடு வேண்டும்.
முந்தைய டீசல் வண்டிகள்
பின்னால் வருகிறவன் முகத்தில் துப்பிவிட்டுப் போகும்.
இது விழுங்கிக்கொள்கிறது.
"வாரத்துக்கு ஒருக்கா ஆரல்வாய்மொழி தாண்டி
நாலாம் கியர்ல நிறுத்தாம விடுங்க.
லோடு வேண்டாம்."
லோடு இல்லாமலா?
மீன் விற்கிறவளிடம் அதைச் சொல்ல
அவனுக்கே கூச்சம்.
துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

போக வர எண்பது கிலோமீட்டர்.
வாரம் ஆறு லிட்டர்.
தவணைக்கு மேலே மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம்,
ஒரு மீன்கூட ஏறாத ஓட்டத்துக்கு.
கேஸ் வண்டி எடுத்திருந்தால் மிச்சம்.
பேட்டரி வண்டிக்கார ததேயுஸ்
சத்தமில்லாமல் பின்னால் வந்து ஹாரன் அடித்து
சந்தையையே பதறவைக்கிறான்,
அவனுக்குக் கூட மிச்சம்.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றி
கோட்டயத்துக்கு ஓடுகிற என் கொழுந்தனுக்கு
டீசல் சரி. மலையும் தூரமும் உண்டு,
சல்லடை தானாக எரிந்துவிடும்.
எனக்குச் சரிப்படாது.
எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி
பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்படுகிறேன்.
மறுநாள் ஏலம் கிடையாது.
திங்கள்சந்தை, தோட்டியோடு, பார்வதிபுரம் என்று ஊர்ந்து
ஒழுகினசேரி தாண்டினால் கொஞ்சம் மூச்சு.
தோவாளையில் பிச்சிப்பூ வாடை
ஜன்னல் வழியாக ஏறி
என் சாளை வாடையைப் பார்த்து இறங்கிக்கொள்ளும்.
பிறகு கணவாய்க் காற்று.
காலி வண்டி, தள்ளினால் தள்ளின பக்கம் போகும்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
முள்ளை இரண்டாயிரத்துக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.
காற்றாலைகள் தெரியாது,
உச்சியில் சிவப்பு விளக்குகள் மட்டும்.

முப்பந்தலில் லாரிக்காரர்கள் இறங்கி
இசக்கியைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.
எனக்கு அந்தோணியார். இருந்தாலும்
அவளிடம் சொல்லாமல் தாண்ட மனம் வராது.
நின்றால் சூடு போய்விடும்.
தலையை மட்டும் அசைக்கிறேன்,
பக்கத்து வீட்டுக்காரியிடம்
பஸ்ஸுக்கு ஓடும்போது அசைப்பதுபோல.

திரும்பும்போது ஒருநாள் போலீஸ் கை காட்டியது.
டார்ச்சைப் பின்னால் அடித்துப் பார்த்தார்.
இந்த நேரத்தில் காலி வண்டியில் எங்கே?
கரி எரிக்கப் போனேன் என்றேன்.
திரும்பவும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

நேற்று மஞ்சள் விளக்கு
வழக்கத்தைவிடச் சீக்கிரம் அணைந்துவிட்டது.
திரும்ப இடமிருந்தது.
ரோடும் இருந்தது.
இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனேன்.
அந்த டீசலை நோட்டில் எழுதவில்லை.