ஏழு முறை ஒரே மலை

கேப்பர் மலையை மலை என்று சொன்னால்
கொல்லிமலைக்காரன் சிரிப்பான்.
கெர்ஹார்டின் கைக்கடிகாரமே கூச்சத்தோடுதான் காட்டியது:
ஐம்பது மீட்டர், சொச்சம்.
அதனால்தான் ஏழு முறை.
ஏறி இறங்கி ஏறி இறங்கிக்
கூட்டிப் பார்த்தால் ஒரு மலை வந்துவிடுமாம்.
நவம்பரில் நேபாளம் போகிறவர்கள் போட்ட கணக்கு.
தப்பில்லை.
மே மாதத்தைத்தான் அதில் சேர்க்கவில்லை.

சுஃப்ரேன் தெரு முனையில்
ஐந்து மணி இருட்டில் வேன் ஏறியவர்கள்
பதினோரு பேர்.
பட்டியலின் தலைப்பு: வெளிநாட்டார் நடைக்குழு.
நானும் அதில்தான்.
பிறந்தது நெல்லித்தோப்பு, பாஸ்போர்ட் பிரான்சு,
நடுவே முப்பத்தொரு வருஷம்
சார்செல் தபால் நிலையத்தில்
முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்த வலது மணிக்கட்டு.
சந்தா கட்டுகையில் மிரேய் கேட்டாள், நீ எந்தக் கட்டத்தில் வருகிறாய் என்று.
இருந்துவிட்டுப் போகட்டும் என்று
டிக் போட்டேன்.

மழை அறுத்த செம்மண் ஓடைதான் பாதை.
காலடியில் குண்டுமணியைக் கொட்டிவிட்டாற்போல் சரளை.
ஓர் அடி வைத்தால் அரை அடி திரும்ப வாங்கிக்கொள்ளும்.
முதல் முறை பேசிக்கொண்டே ஏறினோம்.
இரண்டாம் முறை பேச்சு நின்றது.
மூன்றாம் முறை என் முழங்கால்
தனியாகப் பேசத் தொடங்கியது, சுத்தத் தமிழில்.
நான்காம் முறை யுன்-ஹீ
முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்,
தரையில் அழுகிக் கிடந்த பழங்களின் புளித்த வாசம்
தலைக்கு ஏறி.

அந்த மரத்தடியில்தான் அவள் இருந்தாள்.
பழத்திலிருந்து கொட்டையைத் திருகி
யூரியா சாக்கில் போட்டுக்கொண்டு.
பச்சவாழி என்ற பெயர் பிறகு தெரிந்தது.
ஐந்தாம் முறை இறங்குகையில் கேட்டாள்,
என்னை அல்ல, என் தொப்பியை:
“காலையிலேருந்து பாக்கறன்.
மேலயும் கீழயும் போறீங்க.
எதனா தொலைஞ்சிட்டுதா?”

என்ன சொல்கிறாள், என்றான் கெர்ஹார்ட்.
வெயில் ஏறுமுன் முடிக்கச் சொல்கிறாள், என்றேன்.
முப்பத்தொரு வருஷத்தில்
ஒரு கடிதத்தைக்கூட
நான் விலாசம் மாற்றி அனுப்பியதில்லை.

“ஒண்ணும் தொலையல. ஒடம்புக்காக நடக்கறோம்.”
அவள் நிமிர்ந்தாள்.
“தமிழ் நல்லா பேசறீங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?”
“நெல்லித்தோப்புல.”
“அங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க போல.”

சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.
ஓடை வேண்டாம், ஆடு ஏறும் வழி இருக்கிறது என்று.
ரப்பர் செருப்பு.
அவள் ஒரு முறையும் குனியவில்லை, எதையும் பிடிக்கவில்லை.
நாங்கள் மூச்சைத் தேடி உச்சிக்கு வந்தபோது
சாக்கை இறக்கி வைத்துவிட்டுத்
தோடுத் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கீழே கெடிலம், வெள்ளையாய் ஒரு மணல் கோடு.
கோபுரம். சிப்காட் புகை. அப்புறம் கடல்,
யாரும் ஏற வேண்டாத உயரத்தில்.
இந்தப் பக்கம் சிறைச்சாலை மதில்.
மிரேய் வழக்கம்போல் தலை எண்ணினாள்.
பன்னிரண்டு.
மறுபடி எண்ணினாள், விரல் நீட்டி.
பன்னிரண்டு.
மதிலுக்குள்ளும் இந்நேரம் யாரோ எண்ணிக்கொண்டிருப்பார்கள்,
ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வம்பு.
யாரைக் கழிப்பது என்று தெரியாமல்
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

ஏழாம் முறைக்கு நான் போகவில்லை.
மரத்தடியில் உட்கார்ந்து கொட்டை திருகினேன்.
“பாலு படும், புண்ணாயிடும்” என்றாள் பச்சவாழி,
ஆனாலும் தடுக்கவில்லை.
மேலே பத்துத் தொப்பிகள்
சரளையில் சறுக்கிச் சறுக்கி
தொலைக்காததைத் தேடிக்கொண்டிருந்தன.

வேனில் கெர்ஹார்ட் நோட்டை விரித்து
எல்லோர் பெயருக்கும் நேரே ஏழு போட்டான்.
எனக்கு ஆறு.
சரியான கணக்கு.
தவளக்குப்பத்தில் தொடங்கி
அரியாங்குப்பம் பாலம் வரை
விரல் நுனி எரிந்துகொண்டே வந்தது.